பருந்து சுற்றும் இடத்துக்குத் திருப்பு: வானத்தில் பறவைகளைச் சந்தித்த நம் அனுபவங்கள்

கிளைடர், அதாவது ரிமோட்டில் ஓட்டுகிற மோட்டார் இல்லாத மாடல் விமானம் விடும்போது பருந்து பக்கத்தில் வந்தால் பயப்படணுமா, சந்தோஷப்படணுமா என்று நம் மாடல் விமானக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன ஞாயிறு கேட்டார். களத்தில் நின்றுகொண்டு ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிற கேள்வி இல்லை அது. அதனால் நான் பார்த்ததையும், நம் ஆட்கள் என்னிடம் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் பதில்: சந்தோஷப்படுங்கள், ஆனால் வழி விட்டுவிடுங்கள். பெங்களூர்க் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பருந்துகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

களத்தைப் பார்க்காதவர்களுக்காக: மாகடி ரோட்டில் தாவரெகெரே தாண்டி, ராகி அறுத்து முடித்த செம்மண் நிலம். நிலத்துக்காரர் கௌடர், அறுவடை முடிந்ததிலிருந்து முதல் உழவுமழை வரும்வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நமக்கு விட்டுக்கொடுக்கிறார். கிழக்கே நீலகிரித் தைலமரத் தோப்பு, மேற்கே ஒரு பாறைமேடு, வரப்போரம் பெரிய புளியமரம். காலை எட்டு மணிக்கு இலை அசையாது. ட்ரிம் (விமானம் நேராகப் பறக்கச் செய்கிற சீரமைப்பு) சரிபார்க்கவும், ரேஞ்ச் செக் (ரிமோட் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை) செய்யவும், புதியவர்களுக்குக் கையெறிதல் பழக்கவும் அதைவிட நல்ல நேரம் கிடையாது. தெர்மலுக்கு, அதாவது சூடாகி மேலே ஏறுகிற காற்றுக்கு, பத்து மணிவரை காத்திருக்க வேண்டும்.

தெர்மல் எப்படிக் கிளம்புகிறது என்பதை அந்த நிலத்திலேயே கண்ணால் பார்க்கலாம். வெறும் செம்மண் தோப்பைவிடச் சீக்கிரம் சூடேறும். அதன்மேல் படிந்திருக்கும் காற்றும் சூடாகி, ஒரு கட்டத்தில் தரையை விட்டுப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். மேலே போகப் போக 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் வானம் வறண்டு கிடப்பதால் ஏற்றம் பலமாக இருக்கும். ஆடி மாதம் அடிக்கிற மேல்காற்றில் இதெல்லாம் கலைந்துபோகும். அப்போது கிளைடரைப் பெட்டியில் வைத்துவிட்டு ரிப்பேர் வேலை பார்ப்பதே மேல்.

காற்று ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூங்கில் கழியின் நுனியில் பழைய கேசட் டேப்பை ஒரு முழம் கட்டி நட்டு வைத்திருக்கிறோம். தெர்மல் கிளம்பினால் அது விட்ட இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று உள்ளே இழுபடும். அதுவரை தொங்கிக்கொண்டிருந்த டேப் திடீரென்று ஒரு பக்கம் திரும்பும். கன்னத்தில் சின்னதாகக் குளிர்ச்சி படும். தகைவிலான் குருவிகள் ஒரே இடத்தில் வட்டமடிக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் ஏறும் காற்று பூச்சிகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. இதில் எது தப்பினாலும் பருந்து தப்பாது. இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் ஒரு பருந்து வட்டமிட்டு ஏறுகிறது என்றால், அதன் அடியில் லிஃப்ட், அதாவது தூக்கிவிடும் காற்று, இருக்கிறது. வேறு சாட்சி தேவையில்லை.

இதை எனக்குப் பழக்கியவர் நம் பெரியவர். எண்பது தாண்டியவர், எச்.ஏ.எல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் விமானத்துக்குத் துணி போர்த்தி, அதை இறுக்குகிற டோப் பூச்சைப் பூசிய கைகள் அவருடையவை. நாட்டின் ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே பயிற்சி எடுத்த ரெண்டு இருக்கை விமானம் அது. இன்றைக்கும் நம் பால்சா (எடை குறைந்த மரம்) இறக்கைகளுக்கு டிஷ்யூ காகிதம் ஒட்டி டோப் பூச அவரைவிட்டால் ஆள் இல்லை. விரல் நுனியால் ஓரத்தை நீவுவார், சுருக்கம் ஒன்று இருக்காது. நான் கிளைடரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ரிமோட் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒருநாள் சொன்னார்: "உன் பிளேன் எங்க இருக்குதுன்னு கைக்குத் தெரியும்பா. கண்ணை எடுத்து வானத்தைப் பாரு. அவன் எங்க சுத்தறானோ அங்க திருப்பு."

திருப்பினேன். என்னுடையது டிஎல்ஜி, அதாவது உடம்பைச் சுழற்றி இறக்கை நுனியைப் பிடித்து எறிகிற கிளைடர். இந்த வகைக் கிளைடருக்கான எஃப்3கே போட்டி விதிப்படி இதன் இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கரும்பருந்தின் இறக்கை விரிப்பும் ஏறக்குறைய அதே ஒன்றரை மீட்டர்தான். எடைதான் வேறு. கார்பன் கிளைடர் 300 கிராமுக்கும் கீழே, பருந்து முக்கால் கிலோ வரும். அன்றைக்கு என் கிளைடர் எறிந்த உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. தோப்பின் ஓரத்தில் ஒரு பருந்து சுற்றுவதைப் பார்த்து அந்தப் பக்கம் கொண்டுபோனேன். இடது இறக்கை தானாக ஒரு தூக்குத் தூக்கியது. தூக்கிய பக்கமே திருப்பவேண்டும் என்பது பாடம். திருப்பினேன், வட்டம் பிடித்துக்கொண்டது. நான் கீழே, பருந்து மேலே, ரெண்டும் ஒரே திசையில் சுற்றின.

அது தலையைச் சாய்த்துக் கிளைடரைப் பார்த்தது பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது. அதைவிட அதன் வாலைப் பார்த்து நின்றுவிட்டேன். நுனி பிளந்த வால். சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல் விரித்து, இந்தப் பக்கம் ஒரு முறுக்கு, அந்தப் பக்கம் ஒரு முறுக்கு. இறக்கை அசையவே இல்லை, வட்டத்தை வால்தான் ஓட்டியது. வாலில் திருப்புகிற பலகையான ரட்டரை எவ்வளவு மெதுவாகத் தொடவேண்டும் என்று யூடியூபில் எத்தனையோ பார்த்தும் புரியாதது அந்த நிமிஷத்தில் புரிந்தது. 400 அடி என்று டிரான்ஸ்மிட்டர் குரல் கொடுத்ததும் இறக்கையின் பின்னோரத்து ஃபிளாப்பை இறக்கி வெளியே வந்துவிட்டேன். அந்தச் சட்ட வரம்பு நமக்கு, அதற்கு இல்லை. அது ஏறிக்கொண்டே போய் மேகத்தடியில் புள்ளியாகிவிட்டது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இனிப்பாக முடியாது. ராமமூர்த்தி நகர் நண்பர் தன் அனுபவத்தை எழுதச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடையது மோட்டார் வைத்த ஃபோம் விங், அதாவது இறக்கை மட்டுமேயான ஃபோம் விமானம். புளியமரத்தைத் தாண்டித் திரும்பும்போது மேலிருந்து ஒரு பருந்து இறக்கையை மடக்கி வந்து அடித்தது. விங் கவிழ்ந்தது, அவர் சுதாரித்து நிமிர்த்தி இறக்கிவிட்டார். கையில் எடுத்துப் பார்த்தால் இறக்கையின் மேல்புறம் மூன்று ஓட்டை, கீழ்ப்புறம் ஒன்று. முன்விரல் மூன்றும் பின்விரல் ஒன்றுமாக அப்படியே பிடித்திருக்கிறது. பென்சில் முனை நுழைகிற அளவு, ஓரம் கிழியாமல் சுத்தமாக இறங்கியிருந்தது. ஃபோம் என்பதால் ஓட்டையோடு போயிற்று. சுழல்கிற புரொப்பல்லரில் அந்தக் கால் பட்டிருந்தால் பறவையின் கதி என்ன?

காரணம் பிறகுதான் தெரிந்தது. புளியமரத்தின் உச்சிக் கவட்டையில் கூடு: சுள்ளி, கந்தல் துணி, வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகள். பருந்து கூட்டில் பிளாஸ்டிக் வைப்பது வழக்கம்தான். நம் ஊர்ப்பக்கம் தையிலிருந்து பங்குனி வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம், கூட்டை நோக்கி எது வந்தாலும் அடிக்கத்தான் செய்யும். எங்கள் களத்தில் பார்த்தவரை, சத்தம் போட்டு நேராக விரைகிற மோட்டார் விமானத்தின்மேல்தான் அதற்குக் கோபம் அதிகம். மெதுவாக வட்டமிடுகிற கிளைடரைப் பெரும்பாலும் சகித்துக்கொள்கிறது. அதனால் குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம்: குஞ்சு பறந்து போகும்வரை புளியமரப் பக்கம் யாரும் போகக்கூடாது, ஏவுவது பாறைமேட்டுப் பக்கமிருந்து மட்டும். வீடியோவுக்காகப் பருந்தைத் துரத்துகிறவருக்கு நம்மோடு இடமில்லை. பருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பது ஒரு பக்கம். நமக்கு வழிகாட்டுகிறதைத் துரத்துவது எந்த விதத்திலும் நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அல்சூர் அக்கா ஒருவர் சில வருஷங்களுக்கு முன் ஜக்கூர் விமானத்தளத்தில் மைக்ரோலைட் என்கிற சின்ன இலகு விமானத்தில் பயணியாக ஏறியவர். ட்ரைக் வகை: முன்னால் பைலட், பின்னால் பயணி, அதற்கும் பின்னால் புரொப்பல்லர். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்:

"ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்ல இருக்கிற பேனா, சில்லறை, கர்ச்சீப் எல்லாத்தையும் வாங்கி வெச்சுட்டாங்க. ஏதாவது பறந்தா நேரா புரொப்பல்லருக்குத்தான் போகும்னு சொன்னாங்க. துப்பட்டாவை ஜாக்கெட் உள்ளே சொருகி ஜிப் போட்டாங்க. மேல போனதும் ஜக்கூர் ஏரி ஒரு பக்கம், ஏர்போர்ட் ரோடு ஒரு பக்கம். பயம் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஏரி மேல கூழைக்கடா கூட்டம் ஒண்ணு வட்டம் போட்டு ஏறிட்டு இருந்தது. எங்க உயரத்துக்கே. அதோட அலகும் தொங்குற பையும் எனக்குத் தெளிவா தெரிஞ்சுது. பைலட் கையைக் காட்டினார், உடனே வெளிப்பக்கமா திருப்பி மேலே ஏத்திட்டார். இன்னும் கொஞ்சம் கிட்ட போகலாமான்னு இறங்கினதும் கேட்டேன். 'அம்மா, அது அஞ்சு கிலோ, நம்ம ஸ்பீடு எண்பது, நீங்களே கணக்குப் போடுங்க'ன்னார்."

பைலட் மேலே ஏற்றியதற்குக் காரணம் இருக்கிறது. மிரண்ட பறவை பெரும்பாலும் இறக்கையை மடக்கிக் கீழேதான் விழும். அதனால் விலகும்போது முடிந்தவரை உயரம் எடுப்பார்கள். நம் கிளைடருக்கும் இதே பழக்கத்தைக் கொண்டுவரலாம்: பருந்து இருக்கும் தெர்மலுக்குள் அதற்குக் கீழே நுழையுங்கள், அது சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள், தாவி வரும் மாதிரி தெரிந்தால் வட்டத்தை விரித்து வெளியேறுங்கள்.

எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிற சமயம் சுற்றுவட்டாரத்தில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வதும் இதே பருந்துக்காகத்தான். 2023-இல் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு, 2025-இல் 13 கிலோமீட்டருக்குத் தடை போட்டார்கள். வீசி எறிகிற கழிவுக்குப் பருந்து கூடும், பருந்து கூடினால் போர்விமானத்துக்கு ஆபத்து. அந்தச் சில வாரங்கள் மட்டும் கடைக்காரர்களை முடக்குவதைவிட, வருஷம் முழுவதும் கழிவை ஒழுங்காக அள்ளினால் விமானத்துக்கும் நல்லது, பிழைப்புக்கும் நல்லது. இறைச்சிக் கடைகள் நிறைந்த சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று, புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2021-இன் ட்ரோன் விதிகளில், 25 கிலோவுக்கு மிகாத, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடுகிற மாடல்களுக்குத் தனி வகை இருக்கிறது. ஆனால் எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி. அதற்குள்ளே அனுமதி வேண்டும். எச்.ஏ.எல், எலஹங்கா, ஜக்கூர், கெம்பேகௌடா என்று நாலு விமானத்தளம் உள்ள ஊரில் வீட்டு மாடியில் நின்று விடுகிற ஆசையை மறந்துவிடுங்கள். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். நாம் மாகடி ரோடுவரை போவதே அதற்காகத்தான்.

குழுச் செய்தி: அடுத்த மாதம் பிள்ளைகளுக்குப் கையால் எறிகிற பால்சா சக் கிளைடர் செய்யக் கற்றுத்தருகிறோம். மூக்குக்குக் களிமண், உப்புக்காகிதம், ஸ்கேல் எல்லாம் நாங்களே கொண்டுவருவோம். டிஷ்யூ ஒட்டுவதைப் பெரியவர் காட்டுவார். பைனாகுலர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், பிள்ளைகள் கூட்டைத் தூரத்திலிருந்து பார்க்கட்டும். தொப்பியும் தண்ணீரும் அவரவர் பொறுப்பு. கௌடர் வீட்டில் அவரைக்காய் சாரும் ராகிக் களியும் இந்தமுறையும் உண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உங்களுக்கும் இப்படிச் சந்திப்புகள் நடந்திருக்கும். கரும்பருந்தோ செம்பருந்தோ காக்கையோ, எதுவானாலும் எழுதுங்கள். எழுதும்போது மாதம், நேரம், காற்று எந்தப் பக்கம், பறவை உங்களுக்கு மேலேயா கீழேயா, அடித்ததா கூடச் சுற்றியதா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். புளியமரத்தைத் தவிர வேறு மரத்தில் கூடு பார்த்தவர்கள் முதலில் எழுதினால் நல்லது, ஞாயிறுக்குள் ஏவுமிடத்தைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.