வக்காஷியோ நினைவுக்கு எது தகும்: கடலடிச் சிலையா, கரும்புச் சோகையா?

லகூன்வாசி:
2020 ஜூலை 25 அன்று வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் மொரீஷியஸின் புவாந்த் தெஸ்னி கரை அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்டில் சுமார் 1000 டன் எண்ணெய் நம் கடலில் கலந்தது. அதற்கு ஒரு கலைப்படைப்பு வைப்பதென்றால் கடலடிச் சிலைதான் சரி. கரீபியன் தீவான கிரெனடாவில் சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2006இல் இறக்கிய சிலைகளில் இப்போது கடற்பஞ்சும் பவளமும் குடியேறிவிட்டன.

சோகைக்கட்டு:
அண்ணா, பவளம் அவ்வளவு லேசில் ஒட்டாது. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டின் மேல்பரப்பில் பிஹெச், அதாவது காரத்தைக் காட்டும் அளவு, 12க்கு மேல். கடல்நீரிலோ 8 சொச்சம். நீரில் மிதந்து வரும் பவளக் குஞ்சு (லார்வா) அண்டாது, பாசிதான் மண்டும். உள்ளே இரும்புக்கம்பி இருந்தால் துருவேறிப் பருத்து, சிமெண்டைப் பிளந்துவிடும்.

லகூன்வாசி:
காரம் குறைந்த கலவை, இரும்புக்குப் பதில் பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் நாரில் செய்த கம்பி, சொரசொரப்பான மேல்பூச்சு. பாறையைத் தொடாமல் வெற்று மணலில், பவளம் முட்டையிடுவதற்குச் சற்று முன்னால் இறக்க வேண்டும். முன்கூட்டியே இறக்கினால் இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

சோகைக்கட்டு:
கோடை முகப்பில் இறக்குவீர்கள். நவம்பரிலேயே புயல் காலம் தொடங்கிவிடுமே! அடிப்பீடம் அகலமாக, கனமாக இல்லாவிட்டால் சிலை உருண்டு பாறையையே உடைக்கும். தவிர, எண்ணெயைத் தடுக்க மக்கள் தைத்தது கரும்புச் சோகை மிதவை. படைப்பும் அதே பொருளில்தான் இருக்க வேண்டும். கலைஞர் ஓலஃபர் எலியாசன் 2018இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூட வாசலில் கிரீன்லாந்துப் பனிக்கட்டி 24 வைத்து உருகவிட்டார். பனி உருகுவதைச் சொல்லப் பனியையே வைத்தார்.

லகூன்வாசி:
அதை லண்டன் கொண்டுவர எரித்த எண்ணெய்?

சோகைக்கட்டு:
அந்தக் கரியமிலக் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, சோகை பக்கத்து வயலில் கிடக்கிறது.

மூங்கில்காரர்:
தம்பி, அன்று சோகையை மிதக்க வைத்தது உள்ளே சொருகிய காலி பிளாஸ்டிக் போத்தல். அதை எடுத்தால் சோகை நீர் குடித்து அமிழும். வைத்தால், தையல் விட்டதும் போத்தல் கடலுக்குப் போகும். கணு உடையாத மூங்கிலை நடுவில் கொடுங்கள். ஆணி அடிக்காதீர்கள், துளை வழியே நீர் ஏறும், கயிற்றால் கட்டுங்கள். உறைக்குச் சணல் சாக்கு. சோகை மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு திணித்தால் உள்ளே புழுங்கி நாறும்.

லகூன்வாசி:
மூங்கிலைக் கடற்புழு துளைக்காதா?

சோகைக்கட்டு:
அதற்குள் மிதவையைக் கரைக்கு இழுத்துவிடலாம் அண்ணா. அவிழ்த்துச் சோகையை வயலுக்கே போட்டுவிடுவோம்.

மூங்கில்காரர்:
உப்போடு போடாதீர்கள், மண் கெட்டுவிடும். முதலில் கரையோரத்தில் பரப்பி, நல்ல மழை இரண்டு மூன்று அடித்துக் கழுவட்டும்.