மூன்று வருடத்தில் செத்துப்போகிற சான்றிதழா? விடுங்க தம்பி!

ஹற்றன் வரைபலகை
கணினியில் வரைபடம் வரைகிற ஓட்டோகேட் மென்பொருளைப் பற்றி நம்ம வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு தம்பி அள்ளி விட்டிருக்கிறார்: "ஓட்டோகேட் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதி. காசைக் கரியாக்காதீர்கள்." காலையிலிருந்து மூன்று பிள்ளைகள் போன் எடுத்து, என் ஓட்டோகேட் வகுப்புக்கு வரவா வேண்டாமா என்று கேட்கிறார்கள். நான் 2008இல் எடுத்த சான்றிதழ் இன்னும் என் சுவரில் தொங்குகிறது. அதில் காலாவதித் திகதி என்று ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. பால்மா பக்கெட்டில் பார்க்கிற திகதியைச் சான்றிதழில் தேடினால் எப்படி?

டிக்கோயா தம்பி
அந்த "யாரோ ஒரு தம்பி" நான்தான் அண்ணே. பெயர் சொல்லியே திட்டலாம். ஓட்டோகேட்டைச் செய்கிற ஓட்டோடெஸ்க் கம்பனி நடத்துகிற புரொபெஷனல் பரீட்சை மூன்று வருடம்தான் செல்லும். நான் எடுத்தது 2021இல். கட்டாரில் இன்டர்வியூவுக்குப் போனால் முதல் கேள்வியே "எதுவரைக்கும் செல்லும்?" என்பதுதான். முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதாய்ப் போச்சு. பட்டவன் சொன்னேன், அவ்வளவுதான்.

ஹற்றன் வரைபலகை
என்னுடையதில் திகதி இல்லை.

பண்டாரவளை நட்டு போல்ட்டு
ஓட்டோகேட்டையே பிடித்துத் தொங்குகிறீர்களே. மெக்கானிக்கல் பக்கம் போகிறவனுக்கு, இயந்திர பாகங்களை முப்பரிமாணத்தில் வரைகிற சொலிட்வேர்க்ஸ் மென்பொருள்தான். அதன் சான்றிதழ்ப் பரீட்சையில் முதலில் சி.எஸ்.டபிள்யூ.ஏ., அடுத்தது சி.எஸ்.டபிள்யூ.பி. இந்த இரண்டாவதில் மூன்று பகுதி. ஒரு பாகத்தை வரையச் சொல்லிவிட்டு, நடுவில் இரண்டு அளவை மாற்றி, "இப்போது எடை எவ்வளவு?" என்று கேட்பான். அடித்தளத்தை ஒழுங்காய்க் கட்டாதவனுக்கு அந்த இடத்தில் திரையெல்லாம் பிழை காட்டிச் சிவப்பாகிவிடும். மனப்பாடம் செய்து தப்ப முடியாது. அதற்குக் காலாவதியும் கிடையாது.

ஹற்றன் வரைபலகை
பார்த்தீர்களா? பண்டாரவளையே சொல்லுது. காலாவதி இல்லை.

டிக்கோயா தம்பி
அது சொலிட்வேர்க்ஸ் அண்ணே! கம்பனியே வேறு!

ஹற்றன் வரைபலகை
சான்றிதழ் என்றால் சான்றிதழ்தான்.

தலவாக்கலை பிள்ளை
அண்ணாமாரே, ஒரு சின்னக் கேள்வி. வகுப்பு முடித்ததற்கு நிலையம் தருகிற தாளையா, மென்பொருள் கம்பனி நடத்துகிற பரீட்சையையா, தேசிய தொழில் தகைமையான என்.வி.கியூ.வையா, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்? நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவிடம் காசு கேட்க முதல் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹற்றன் வரைபலகை
தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். இந்தத் தம்பியை முடித்துவிட்டு வருகிறேன்.

ஓட்டோகேட் வந்ததே 1982 டிசம்பரில். அதற்கு முன் தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, வரைந்தவனுக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? என் மாமா டீ-ஸ்குவெயார் என்கிற T வடிவ வரைகோலை வைத்தே கொழுந்து வாட்டுகிற மாடியிலிருந்து ரோலர், டிரையர் வரைக்கும் முழு ஸ்டோரையும் ஒரே தாளில் இறக்குவார். நம்ம ஊர் மழையில் தாள் ஈரம் குடித்து நீளும். அதற்காகவே தாளில் அளந்து பார்க்காதே, எழுதிய அளவை மட்டும் நம்பு என்று கத்துவார். அவருக்கு யார் காலாவதித் திகதி போட்டது? கைவந்த தொழிலுக்குத் திகதி இல்லை. என் சான்றிதழிலும் திகதி இல்லை.

பேராதனை ஓரம்
பொறியியல் பீடத்து மாணவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எந்த மென்பொருள் சான்றிதழும் ஒருவரைப் பொறியியலாளர் ஆக்காது. வரைவாளர் வேறு, பொறியியலாளர் வேறு. இது தெரியாமல் திகதிக்கு அடித்துக்கொள்கிறீர்கள்.

ஹற்றன் வரைபலகை
வந்துட்டாரு ஐயா! உங்கள் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு ஏறியது 1964இல். மலைக்கு வரைபடம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. எங்கே, பெர்ஸ்ட் அங்கிள் முறையில் வரைந்த படத்தில் மேல்பார்வை, அதாவது மேலிருந்து பார்க்கிற தோற்றம், எங்கே வரும், சொல்லுங்கள் பார்ப்போம்.

பேராதனை ஓரம்
முன்பார்வைக்குக் கீழே. அமெரிக்கக்காரனின் தேர்ட் அங்கிள் முறையில் மேலே. எந்த முறை என்பது தாளின் மூலையில் இருக்கிற வெட்டிய கூம்புக் குறியைப் பார்த்தாலே தெரியும். முதல் மாதப் பாடம் அண்ணா, இதற்கா இவ்வளவு சத்தம்?

ஹற்றன் வரைபலகை
கூகுளில் பார்த்துச் சொல்கிறார்.

பண்டாரவளை நட்டு போல்ட்டு
ஹற்றன்காரர்களுக்கு வாய்தான் முதல் மூலதனம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஹற்றன் வரைபலகை
பண்டாரவளைக்காரர் இரண்டு நட்டு வரைந்துவிட்டு ரொக்கெட் விட்ட மாதிரிப் பேசுகிறார். ஒரு ஸ்டோரின் கூரையை வரைந்து காட்டட்டும், பிறகு பேசலாம்.

டிக்கோயா தம்பி
கூரை இருக்கட்டும். 2016இலிருந்து ஓட்டோகேட்டை முழுதாய் விலைக்கு வாங்கவே முடியாது, சந்தா கட்டித்தான் பாவிக்க வேண்டும். மென்பொருளே வாடகை வீட்டில் இருக்கிறது, சான்றிதழ் மட்டும் சொந்த வீட்டில் இருக்குமா? மூன்று வருடம் என்றால் மூன்று வருடம்தான். சரி, உங்கள் சுவரில் தொங்குவதில் யாருடைய கையெழுத்து அண்ணே?

ஹற்றன் வரைபலகை
நிலையப் பணிப்பாளருடைய கையெழுத்து. சிவப்பு முத்திரையும் இருக்கிறது. திகதிதான் இல்லை.

டிக்கோயா தம்பி
நிலையமா! அட கடவுளே!

ஹற்றன் வரைபலகை
என்ன கடவுளே? 2017இல் என் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் மாதக் கட்டணத்தைப் பாக்கி வைத்துக் காணாமல் போனது யார்? அந்தக் கடனும் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிட்டதோ?

டிக்கோயா தம்பி
ஆறு பேருக்கு இரண்டு கொம்பியூட்டர். கரண்ட் போன நாளுக்கும் கட்டணம் கேட்டீர்கள். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், கட்ட மாட்டேன்.

தலவாக்கலை பிள்ளை
அண்ணா, மாணவர்களுக்கு ஓட்டோடெஸ்க் ஒரு வருட உரிமம் இலவசமாகத் தருகிறது, படிக்கிற வரைக்கும் புதுப்பிக்கலாம். அதில் வீட்டிலேயே பழகிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் காசு கட்டினால் போதாதா? இல்லை, என்.வி.கியூ. 5 வரைக்கும் போனால் அது டிப்ளோமா மட்டம், 7 பட்ட மட்டம். இங்கே வேலை தேடுவதற்கு அந்த வழியா நல்லது?

ஹற்றன் வரைபலகை
இலவசத்தில் கற்றது எவனுக்கு ஒட்டியிருக்கிறது தங்கச்சி? சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள், முதல் நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். இப்போது மூன்று கொம்பியூட்டர்.

பேராதனை ஓரம்
இந்தத் திரியே விளம்பரமா?

ஹற்றன் வரைபலகை
விளம்பரம் இல்லை, ஆதாரம். நாளைக்குக் காலையில் சான்றிதழைப் படம் எடுத்துப் போடுகிறேன். இப்போது போட்டால் கண்ணாடியில் டியூப் லைட் வெளிச்சம் அடிக்கிறது. முன்பக்கம் முழுக்கத் தேடுங்கள், ஒரு திகதி காட்டுங்கள்.

டிக்கோயா தம்பி
பின்பக்கத்தையும் எடுங்க அண்ணே.

ஹற்றன் வரைபலகை
பின்பக்கம் பலகை அடித்திருக்கிறது. முதலில் பாக்கியைக் கட்டு, கழற்றிக் காட்டுகிறேன்.