[கலைச்சொல்] பேண்டின் ‘சவுண்ட்’: தமிழில் என்ன?

முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஒரே வாக்கியத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த அண்டரோத் என்ற மெட்டல் (கனத்த கிட்டாரும் அலறலுமாக வரும் ராக் இசை) பேண்டைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1997இல் ஒக்காலா என்ற ஊரில் தொடங்கிய கிறித்தவ பேண்ட். ஆல்பத்துக்கு ஆல்பம் அவர்களுடைய ‘சவுண்ட்’ மாறிக்கொண்டே வந்தது. கட்டுரையே அதைப் பற்றித்தான். அந்தச் ‘சவுண்டு’க்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

சவுண்ட் என்றே விட்டுவிடலாமே என்பீர்கள். “2004இல் அண்டரோத்தின் சவுண்ட் மாறியது” என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். “ஏன், ஸ்பீக்கரை மாத்திட்டாங்களா?” என்றாள் தங்கை. அவளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் சவுண்ட் என்றால் கல்யாண வீட்டுக்கு வரும் சவுண்ட் சர்வீஸ். அதை விட்டால் “ரொம்ப சவுண்டு விடாதே”. கடன் வாங்கிய சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்துவிட்டோம்.

‘ஒலி’ என்று போட்டால் இயற்பியல் பாடமாகிவிடுகிறது. ‘தொனி’ என்றால் பேச்சில் மறைந்திருக்கும் எரிச்சல்தான் நினைவுக்கு வருகிறது. ‘பாணி’ கொஞ்சம் நெருங்கி வந்தது. ஆனால் பாணி ஒருவர் கற்றுக் கைக்கொள்வது, குருவிடமிருந்து சீடனுக்குப் போவது. நான் தேடுவதில் வாசிக்கும் முறை மட்டுமல்ல, பதிவு செய்த விதம், எந்தக் குரல் முன்னால் நிற்கிறது, கீபோர்ட் எவ்வளவு தள்ளிக் கேட்கிறது எல்லாமே அடக்கம்.

என்ன மாறியது என்று சொன்னால் உதவக்கூடும். 1999இல் ‘ஆக்ட் ஆஃப் டிப்ரெஷன்’, 2000இல் ‘கிரைஸ் ஆஃப் த பாஸ்ட்’. பெரும்பாலும் அலறல்தான். இரண்டாவதில் நீளநீளமாக ஐந்தே பாட்டு. 2002இல் ‘த சேஞ்சிங் ஆஃப் டைம்ஸ்’ வந்தபோது டிரம்ஸ் வாசிக்கும் ஆரன் கில்லெஸ்பி இடையிடையே அலறாமல் பாடத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டு பாடகர் டல்லஸ் டெய்லர் விலகினார், ஸ்பென்சர் சேம்பர்லெய்ன் வந்தார். 2004இல் ‘தேர் ஒன்லி சேசிங் சேஃப்டி’: சின்னச் சின்னப் பாட்டு, கூடவே பாடத் தோன்றும் பல்லவி. பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள், புதியவர்கள் வந்து குவிந்தார்கள். சரி, இனி இதுதான் வழி என்று எல்லோரும் நினைத்திருக்க, 2006இல் ‘டிஃபைன் த கிரேட் லைன்’ இருண்டும் இறுகியும் வந்தது. பாடும் குரல் ஒதுங்கிக்கொண்டது, சேம்பர்லெய்ன் அடித்தொண்டைக்கு இறங்கினார். அந்த இறுகிய ஆல்பம்தான் பில்போர்டு 200 பட்டியலில் 2ஆம் இடத்துக்குப் போனது.

2004க்கும் 2006க்கும் இடையில் ஆட்கள் அவர்களேதான். வகை என்று பார்த்தாலும் ஒரே அடுக்கில்தான் கடைக்காரர் வைப்பார். மாறியது எது? அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ஹெவி மெட்டலுக்குக் ‘கன உலோகம்’ என்று யாரும் தயவுசெய்து எழுதிவிட வேண்டாம். அது ஆற்று நீரில் கலக்கும் ஈயமும் பாதரசமும்.

*

மறுமொழி: குழுவின் மூத்த தமிழாசிரியர்

தம்பிக்கு வாழ்த்து. நீ சொல்லும் பாட்டைப் பேரன் போட்டுக் காட்டினான். ஒரு நிமிடம் கேட்டேன். அதற்கு மேல் கேட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் உன் கேள்வி புதிதன்று. ஒரே பாவகைக்குள் ஓசை வேறுபடுவதைக் கண்டு, அதற்குப் பெயரும் வைத்து, இருபது வகையாக எண்ணியும் வைத்திருக்கிறார் தொல்காப்பியர். செய்யுளியலில் ‘வண்ணம்’ என்பது அதுதான். வல்லெழுத்து மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். உருண்டோடினால் உருட்டு வண்ணம். அடியின் எல்லையில் நிற்காமல் தாண்டி ஓடினால் முடுகு வண்ணம். நீ சொன்ன 2006ஆம் ஆண்டு இசைத்தட்டை நான் வல்லிசை என்பேன். அதற்கு முந்தியது மெல்லிசை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆகவே ‘ஒலிவண்ணம்’. வீட்டில் சொல் இருக்கும்போது சந்தைக்கு ஏன் போக வேண்டும்?

*

மறுமொழி: ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர்

ஐயா, சொல் ரொம்ப அழகு. ஆனா அந்த ‘வண்ணம்’ எங்களுக்கு வேணும், கட்டுரைக்குத் தந்துடாதீங்க.

வீணையிலயும் புல்லாங்குழல்லயும் ஒரே ‘ச’வை ஒரே அளவு சத்தத்துல வாசிச்சாலும் வேற வேறயா கேக்குது பாருங்க, அதுக்கு ஒலிவண்ணம்னா கச்சிதமா பொருந்தும். அது ஒரு கருவியோட, ஒரு குரலோட குணம். தம்பி கேக்குறது முழு பேண்டையும் சேர்த்து. கிட்டாரோட வண்ணம், குரலோட வண்ணம், வேகம், எது முன்னாடி எது பின்னாடி, சுவரு மாதிரி அடைச்சு நிக்குதா, நடுவுல காத்து போக இடம் இருக்கா, எல்லாம் சேர்ந்து வர்ற ஒண்ணு.

இன்னொண்ணு. ‘டிஃபைன் த கிரேட் லைன்’ல பாடுற குரல் கொறஞ்சது மட்டும் இல்ல. பாட்டுக்கு நடுவுல ஆளரவமே இல்லாத மாதிரி இடங்கள் வருது, எலக்ட்ரானிக் மூட்டம் மாதிரி. அதுக்கப்புறம் அடி விழும்போது ரெண்டு மடங்கா தெரியுது. அதையும் அந்தச் சொல் தாங்கணும். ‘ஒலிக்கட்டு’ன்னு வச்சா என்ன?

*

மறுமொழி: கேள்வி கேட்டவர்

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

‘ஒலிக்கட்டு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டு என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கட்டியது என்றாகிவிடும். சவுண்டில் பாதி தானாக அமைவது. இன்னார் தொண்டை இப்படி, இன்னார் கை இப்படி என்பதால் வருவது.

ஐயாவின் வண்ணத்தோடு எனக்கு வேறொரு தகராறு. பாட்டுக்குப் பாட்டு வண்ணம் மாறலாம், திருப்புகழ் படிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது பல ஆண்டு நீளத்துக்கு ஓடும் சொல். எந்தச் சொல் வந்தாலும் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும்.

முதல் சோதனை ஆஸ்திரேலியாவில். மெல்பர்னைச் சேர்ந்த மார்ட்டிஃபிகேஷனும் கிறித்தவ பேண்ட்தான். பேஸ் கிட்டாரும் குரலும் ஸ்டீவ் ரோ. 1992இல் ‘ஸ்க்ரோல்ஸ் ஆஃப் த மெகில்லோத்’ என்று ஒரு டெத் மெட்டல் ஆல்பம், மின்னல் வேகம், பாதாளத்திலிருந்து வரும் உறுமல். இரண்டே ஆண்டில், 1994இல் ‘பிளட் வேர்ல்ட்’. வேகம் தணிந்து, ஆட்டம்போடும் தாளம் வந்து, உறுமல் கத்தலாகிவிட்டது. நடுவில் டிரம்மர் ஜேசன் ஷெர்லாக் விலகிப்போய், அதே 1994இல் ஹோர்ட் என்ற பெயரில் தனியாளாக, மெட்டலின் இன்னொரு கிளையான பிளாக் மெட்டலில் ஓர் ஆல்பம் போட்டார். ஆக, தலைவர் அவரேதான், நம்பிக்கை அதேதான், பெயரும் அதேதான். கேட்டால் வேறு பேண்ட்.

இரண்டாவது சோதனை அண்டரோத்திலேயே இருக்கிறது. 2008இல் ‘லாஸ்ட் இன் த சவுண்ட் ஆஃப் செப்பரேஷன்’ வந்தது. (தலைப்பிலேயே சவுண்ட் இருக்கிறது பாருங்கள். அந்தச் சவுண்டுக்கு ‘ஓசை’ போதும், அங்கே எனக்குச் சிக்கல் இல்லை.) 2010இல் கில்லெஸ்பியும் போனார். அவர்தான் தொடக்கக்காலத்திலிருந்து மிஞ்சியிருந்த கடைசி ஆள். அவரோடு அந்தப் பாடும் குரலும் போயிற்று. நார்மா ஜீன் பேண்டில் வாசித்த டேனியல் டேவிசன் டிரம்ஸுக்கு வந்தார், அதே ஆண்டு ‘டிஸ்ஆம்பிகுவேஷன்’ வெளியானது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அண்டரோத் என்று சொல்லிவிடலாம். மூலவர் ஒருவர்கூட இல்லாத கோயிலில் அதே வாசம்.

ஆள் மாறாமல் மாறுவதும், ஆளே மாறியும் மாறாமல் நிற்பதும் எதுவோ, அதற்குத்தான் பெயர் கேட்கிறேன். ஆளின் குணமாக ஒலிக்கும் சொல் உதவாது, வகையின் பெயராக ஒலிக்கும் சொல்லும் உதவாது.

*

மறுமொழி: குழு உறுப்பினர், இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தவர்

வணக்கம். எனக்கு மெட்டலும் தெரியாது, யாப்பும் தெரியாது. எங்கள் அப்பா தையற்காரர்.

அளவெடுப்பது வேறு, வாகு பார்ப்பது வேறு என்பார் அப்பா. மார்பு 38, இடுப்பு 34 என்று இரண்டு பேருக்கு ஒரே அளவு வரும். ஒருவருக்கு முன்பக்கம் தூக்கும், இன்னொருவருக்குத் தோள் இறங்கும். நோட்டில் அளவை எழுதிக்கொண்டு, ஓரத்தில் வாகைத் தனியாகக் குறித்துவைப்பார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்தால் அளவு மாறியிருக்கும், வாகு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிலருக்கு நோய்நொடி வந்து வாகே மாறிவிடும், “ஆளே அடையாளம் தெரியலையே” என்பார்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. வேகம், சுருதி, பாட்டின் நீளம் இவையெல்லாம் அளவு. உடல்வாகு என்பது போல ‘ஒலிவாகு’ என்று சொல்லலாமா? தவறென்றால் மன்னிக்கவும்.

*

மறுமொழி: ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர்

அக்கா, இத்தனை நாள் ஏன் எழுதாம இருந்தீங்க!

கனத்த ஒலிவாகு, மெலிஞ்ச ஒலிவாகு, இறுகின ஒலிவாகு. முன்னாடி எந்த அடை போட்டாலும் ஒட்டுது. நாளைக்கே கூடத்துல சொல்லிப் பார்க்குறேன்.

*

மறுமொழி: கேள்வி கேட்டவர்

அக்கா, மன்னிப்பு எதற்கு? இரண்டு சோதனைகளிலும் வைத்துப் பார்த்தேன். “1992க்கும் 1994க்கும் இடையில் மார்ட்டிஃபிகேஷனின் ஒலிவாகு மாறியது” நிற்கிறது. “கில்லெஸ்பி விலகிய பிறகும் அண்டரோத்தின் ஒலிவாகு பெரிதும் மாறவில்லை” அதுவும் நிற்கிறது. ‘வாகாக’, ‘வாகான இடம்’ என்று நாம் சொல்வதில் ஒரு பொருத்தமும் இருக்கிறதே, அதுவும் கூடவே வருகிறது. இது வடமொழியின் ‘பாகு’தானே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வீரவாகுவின் வாகு தோள். ‘வாகாகச் சாய்ந்துகொண்டான்’ என்பதில் உள்ள வாகு வேறு.

இந்தச் சொல்லால் எனக்கு இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. 2013 தொடக்கத்தில் விடைபெறும் பயணத்தோடு பேண்ட் கலைந்தது. பிறகு கூடியபோது கில்லெஸ்பியும் திரும்பிவந்தார். 2018இல் ‘இரேஸ் மீ’. அதற்குள் தங்களைக் கிறித்தவ பேண்ட் என்று அழைத்துக்கொள்வதை விட்டிருந்தார்கள். அந்த ஆல்பத்தை வெறுத்தவர்கள் இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு நம்பிக்கை போனதில் வருத்தம். இன்னொன்றுக்கு, எலக்ட்ரானிக் பூச்சும் வானொலிக்கேற்ற பல்லவியும் வந்ததில். இரண்டையும் ‘மாறிட்டாங்க’ என்ற ஒரே சொல்லால் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு கிராமி பரிந்துரை பெற்றதும் சண்டையைத் தணிக்கவில்லை. என் கட்டுரையில் இனி பிரித்து எழுதலாம்: மாறியது கொள்கையா, ஒலிவாகா? என் காதுக்கு, 2006இல் இறுகிய அளவுக்கு 2018இல் இளகவில்லை. கொள்கை மாறியதை அறிந்தவர்களின் காது வாகையும் சேர்த்து மாற்றிக் கேட்டது என்றே நினைக்கிறேன். 2022இல் தாங்களே தயாரித்த ‘வாயரிஸ்ட்’ பழைய இறுக்கத்துக்குத் திரும்பியது, சாமி கும்பிடத் திரும்பாமலே.

கிளைக்கதை ஒன்று. ‘டிஃபைன் த கிரேட் லைன்’ நடுவே ‘சால்மர்னிர்’ என்று ஒன்று வருகிறது. ஐஸ்லாந்து மொழியில் விவிலியத்தின் சங்கீதங்கள் என்று பொருள். தமிழில் எழுதினால் “ஆல்பத்தின் நடுவே சங்கீதம் வருகிறது” என்றாகிறது. அப்புறம் மற்றதெல்லாம் என்ன என்று கேட்பாள் தங்கை.

*

மறுமொழி: குழுவின் மூத்த தமிழாசிரியர்

வண்ணத்தைக் கருவிக்குத் தந்துவிட்டேன், மகிழ்ச்சி. வாகு இருக்கட்டும். அந்த அம்மையாரின் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

ஒன்று மட்டும். வாகு நெடிற்றொடர்க் குற்றியலுகரம். இரண்டாம் வேற்றுமை ஏற்றால் ‘ஒலிவாகை’ என்றாகும். உங்கள் மடல்களிலேயே ‘வாகை’ இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. படிப்பவர், இந்தக் கத்துகிற பிள்ளைகள் எந்தப் போரில் வென்று வாகை சூடினார்கள் என்று கேட்பார்.

*

மறுமொழி: கேள்வி கேட்டவர்

ஐயா, இரண்டா! இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ‘ஒலிவாகுவை’ என்று எழுதினால் நீங்கள் குழுவை விட்டே போய்விடுவீர்கள். ‘இன்’ சாரியை போட்டு ‘ஒலிவாகினை’ என்று எழுதிவிடுகிறேன். திருத்திய வாக்கியம்:

“2004இல் அண்டரோத் தன் ஒலிவாகினை மாற்றிக்கொண்டது, 2006இல் மீண்டும் மாற்றிக்கொண்டது.”

தங்கையிடம் படித்துக் காட்டினேன். “எளச்சாங்களா, பெருத்தாங்களா?” என்றாள்.

அடுத்த இழையில் ‘பிரேக்டவுன்’: மெட்டல் பாட்டின் நடுவே வேகம் தணிந்து அடி கனத்து விழும் இடம். பஸ் நினைவுக்கு வராத சொல்லாக யோசித்து வையுங்கள்.