தினமும் தண்ணீர் விட்டும் புல் காய்கிறது, என்ன செய்யலாம்?

பச்சைத்தவளை:
வீட்டுக்குப் பின்னால் சுமார் 50 சதுர மீட்டர் புல்தரை, ஓரத்தில் கொஞ்சம் காய்கறிச் செடிகள். தினமும் மதியம் 20 நிமிடம் ஹோஸ் பிடிக்கிறேன், தண்ணீர்த் தொட்டிதான் காலியாகிறதே தவிர புல் தெளியவில்லை. புல்லையே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மண்வெட்டி:
எடுப்பது அப்புறம், முதலில் அளந்து பாருங்கள். 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் தினம் 300 லிட்டர், வாரத்துக்கு 2,100. ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் விட்டால் 1 மி.மீ. உயரம், ஆக உங்கள் தரைக்குக் கிடைப்பது நாளுக்கு வெறும் 6 மி.மீ., அதிலும் மதிய வெயிலில் ஒரு பங்கு ஆவியாகிவிடும், மிச்சம் மேல்மண்ணோடு நின்றுவிடும், வேருக்குக் கீழே இறங்க வேலையே இல்லை, அதனால்தான் ஒரு நாள் விட்டுப்போனாலும் வாடுகிறது. வாரத்தில் 2 நாள், விடியற்காலையில், 40 நிமிடம் விடுங்கள். மொத்தம் 1,200 லிட்டர்தான் ஆகும், ஆனால் ஒவ்வொரு முறையும் 12 மி.மீ. இறங்கும். மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள், சுலபமாக ஒரு சாண் இறங்கினால் போதுமான ஈரம் இருக்கிறது.

பச்சைத்தவளை:
40 நிமிடம் விட்டால் பாதையில் வழிந்து ஓடுமே, இங்கே களிமண்.

மண்வெட்டி:
அப்படியென்றால் 10 நிமிடம் விட்டு நிறுத்துங்கள், அரை மணி நேரம் ஊறட்டும், மறுபடி விடுங்கள். களிமண் மெதுவாகத்தான் குடிக்கும், ஆனால் குடித்ததை விடாது.

நிழல்மரம்:
புல்லை ஒட்ட வெட்டுகிறீர்களா? அந்த வகைக்கு எவ்வளவு உயரம் வரை விடலாமோ அவ்வளவு விடுங்கள், மண்ணுக்கு அதுவே நிழல். வெட்டிய துணுக்குகளையும் அள்ள வேண்டாம். செடிகளுக்குக் காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகும். இன்னொன்று, கோடையில் பழுப்பான புல்லெல்லாம் செத்த புல் இல்லை, பல வகைகள் சும்மா தூங்கும், மழை வந்தால் துளிர்த்துவிடும். எதற்கு அவசரம்?

துளி:
வாஷிங் மெஷின் தண்ணீரைத் திருப்பி விடுங்கள், முடிந்தது கதை.

மண்வெட்டி:
துளி, அவ்வளவு லேசாகச் சொல்லாதீங்க. சோப்புத்தூளில் சோடியம் உப்புகள் இருக்கும், களிமண்ணில் அது சேரச் சேர மண் இறுகி, தண்ணீரே இறங்காமல் போகும். கடைசியாக அலசும் தண்ணீர் பரவாயில்லை. அதையும் தேக்கி வைக்காமல் அன்றே விட வேண்டும், இலை, கீரை, பச்சையாகச் சாப்பிடும் எதன் மேலும் படக்கூடாது.

துளி:
சரி, உப்பு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மணல் மண், அதான் தெரியவில்லை போல.

பச்சைத்தவளை:
வாளி வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 18 லிட்டர் வருகிறது! அப்போ 40 நிமிடம்கூட வேண்டாம், இல்லையா?

மண்வெட்டி:
வேண்டாம், 33 போதும்.