கயாக்கில பொய் இரை இழுக்கேக்க சாதாளை (கடற்புல்) மாட்டுது, தங்கூசியும் (நைலோன் தூண்டில் நூல்) அறுகுது

கேள்வி:
யாழ்ப்பாணக் களப்பில, பண்ணைப் பாலத்துக்கும் மண்டைதீவுக்கும் இடையில ஊழிக்கு (சீலா இன மீன்) பொய் இரை இழுக்கிறன். தங்கூசியைப் பின்னால எவ்வளவு தூரம் விடவேணும்? என்ன வேகம்?

மறுமொழி 1:
20–25 மீற்றர் காணும். களப்பில பெரும்பாலும் ரெண்டு மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆழத்துக்குப் போற இரை சாதாளையை வாரிக்கொண்டுதான் வரும். அரை மீற்றர் தாழுற, 9 சென்ரிமீற்றர் இரையைக் கட்டுங்கோ. மணிக்கு 4–5 கிலோமீற்றர் வேகம், விறுவிறுப்பா நடக்கிற அளவு. கண் தடி நுனியில இருக்கவேணும். இரை ஒழுங்கா ஓடினா நுனி விடாமல் துடிக்கும். துடிப்பு நிண்டா ஒரு இழை சாதாளையாவது கொழுவியிருக்கு, உடனே சுத்தி எடுங்கோ. சாதாளை கொழுவின இரைக்கு ஊழி கிட்டவும் வராது.

மறுமொழி 2:
ஊழியின்ர பல்லுக்குத் தங்கூசி நிக்காது. இரைக்கு முன்னால 30 சென்ரிமீற்றர் மெல்லிய கம்பி போடுங்கோ. தடிச்ச கம்பி இரையின்ர ஆட்டத்தைக் கெடுக்கும். ரீல் இறுக்கம் (மீன் இழுக்கேக்க ரீல் தங்கூசியை விடத் தொடங்கிற பாரம்) தங்கூசி தாங்கிற பாரத்தில கால்வாசி, 8 கிலோ தங்கூசிக்கு 2 கிலோ. கொழுக்கித் தராசில இழுத்துப் பாத்து வையுங்கோ.

மறுமொழி 3:
சிறகுவலைத் (களப்பில தடி நட்டுக் கட்டிற வலை) தடியளுக்குக் கிட்டப் போகாதேங்கோ, அது மற்றவரின்ர பிழைப்பு. இரை அடியில இறுகினா பக்கவாட்டில இழுக்கவேண்டாம், கயாக் கவிழும். முன்பக்கத்தை அதுக்கு நேரே திருப்பி, தங்கூசியைச் சுத்திக்கொண்டே கிட்டப் போய் எதிர்ப்பக்கமா இழுங்கோ. சோளகம் (தென்மேல் காத்து) பலமெண்டால் முதல்ல காத்துக்கு எதிரா வலியுங்கோ, களைச்சாப் பிறகு திரும்பிறது லேசு.