தெருமுனைக் கிளை நூலகத்தில் கார்டு போட்டால் பிரயோஜனம் உண்டா?

சேலையூர்_புதுவாசி:
அண்ணா நகரிலிருந்து தாம்பரம் பக்கம் வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. அம்மாவும் எங்களோடுதான். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பழையபடி நாவல் படிக்க ஆரம்பித்துவிட்டார், வாரத்துக்கு இரண்டு முடிக்கிறார், வாங்கிக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பெண் நாலாம் வகுப்பு, கையிலிருந்து போனை வாங்கினால் வீடு இரண்டாகிறது.

தெருமுனையில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. முதல் தடவை போனபோது பூட்டு. வெள்ளிக்கிழமை லீவு என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். அடுத்த தடவை காலை பத்து மணிக்குப் போனேன். உள்ளே எட்டுப் பேர், ஏழு பேர் கையில் பேப்பர், எட்டாமவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். பாதி பீரோ பூட்டிக் கிடக்கிறது, கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகை மட்டும் பார்க்கலாம். குழந்தைகளுக்கு ஒரே ஒரு தட்டு, அதிலும் பாதி தலைவர்கள் வரலாறு.

இதில் சேர்வதா, இல்லை ஞாயிறுதோறும் இரண்டு பேரையும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கே கூட்டிப்போய்விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஃபேனடி_சீட்:
அண்ணா, அந்தப் பேப்பர் கூட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். காலை ஷிஃப்ட் அவர்களுடையது, சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

நான் பல்லாவரம் பக்கம் இதே மாதிரி ஒரு நூலகத்தில் இரண்டரை வருஷம் உட்கார்ந்து குரூப் 4 எழுதி வேலைக்கு வந்தவன். எங்கள் வீடு ஒரே ரூம், டிவி ஓடும், தங்கச்சி குழந்தை அழும், அங்கே புத்தகத்தைத் திறக்கவே முடியாது. நூலகத்தில் கதவுக்கு இடப்பக்கம் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு சீட், அதற்காகவே திறக்கும்போது வாசலில் நிற்போம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகம் ஒரு செட் இருந்தது. ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் நடுவே சில பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள், அந்தப் பக்கங்களை வேறு ஒருவர் கையால் எழுதி உள்ளே செருகி வைத்திருந்தார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மதியம் மூடிவிடுவார்கள், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கோயில் மண்டபத்துக்குப் போய் அங்கேயே ஒருத்தரையொருத்தர் கேள்வி கேட்டுக்கொள்வோம், அப்புறம் திறந்ததும் திரும்பி வருவோம். கோச்சிங் சென்டருக்குக் கட்ட என்னிடம் பணம் இல்லை. அந்த பெஞ்ச்தான் கோச்சிங்.

ஆனால் உங்கள் கேள்வி நாவலும் சிறுவர் புத்தகமும், அதில் நான் கொஞ்சம் வீக்.

ஓய்வு_நூலகர்:
நான் கிளை நூலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன், மூன்றாம் நிலை நூலகராகத் தொடங்கினேன். பூட்டிய பீரோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவெண் உண்டு. இருப்புச் சரிபார்க்க வரும்போது எண் குறைந்தால் அது நூலகர் தலையில்தான் விடியும். ஒரே ஆள், வாசலையும் பார்க்கவேண்டும், புத்தகமும் கொடுக்கவேண்டும், பெருக்க ஆள் வராவிட்டால் அதையும் பார்க்கவேண்டும். பயத்தில் பூட்டுகிறார்கள். நான் சரி என்று சொல்லவில்லை, நானும் பூட்டியவன்தான். கேட்டால் திறப்பார்கள், அதனால் தயங்காமல் கேளுங்கள்.

புதுப் புத்தகம் ஏன் இல்லை என்று நூலகரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், கடைக்குப் போய் வாங்கும் உரிமை அவருக்குக் கிடையாது. பொது நூலக இயக்ககம் மொத்தமாகத் தேர்வு செய்து வாங்கி அனுப்பும், வரும்போதுதான் வரும். உங்கள் அம்மாவுக்கு வேண்டிய எழுத்தாளர் பெயர்களை எழுதிக் கொடுத்து வைக்கலாம், மாவட்ட மைய நூலகத்திலிருந்து வாங்கித்தர முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் கவனிக்காத விஷயம். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடுங்கள், குழந்தையையும் போடச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்று மாதாமாதம் கணக்கு மேலே போகும். கூடுதல் நாற்காலி கேட்டாலும் நேரத்தை நீட்டிக்கக் கேட்டாலும் எங்கள் கையில் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான். பேப்பர் படிக்கிறவர்கள் பாதிப் பேர் கையெழுத்தே போடமாட்டார்கள், என் சர்வீஸ் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

இது தர்மத்துக்கு நடக்கிற இடமும் இல்லை. 1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் இருந்தவர் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வசூலாகிறது. வாடகைக்கு இருக்கிறோமே என்று நினைக்காதீர்கள், வீட்டுக்காரர் அதையும் உங்கள் வாடகையில்தான் ஏற்றியிருப்பார்.

ஜன்னலோர_ரவா:
சார் சொன்னது எல்லாம் சரி. பத்து பைசா எடுக்கிறார்கள் இல்லையா, அதில் ஒரு டாய்லெட் வரக்கூடாதா? எங்கள் ஏரியா நூலகத்தில் பெண்களுக்கு டாய்லெட் இல்லை. இருக்கிற ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே பழைய பேப்பர் கட்டு. பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்துவிட்டு மதியம் ஓடுவார்கள். என் தோழி ஒருத்தி இதனாலேயே விட்டுவிட்டாள். பையன்கள் இரண்டரை வருஷம் உட்கார முடிகிறது, பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று ஃபேனடி சீட் யோசித்துப் பார்க்கட்டும் (சண்டைக்கு இல்லை, சும்மா கேட்கிறேன்).

2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறந்தார்கள், படிக்கத் தனி இடம், லேப்டாப் வைத்து வேலை பார்க்கத் தனி இடம். அதே யோசனையில் கால்வாசியைப் பழைய கிளை நூலகங்களுக்குச் செலவழித்தால் போதும். நான் பளபளப்பு கேட்கவில்லை, தாழ்ப்பாள் கேட்கிறேன்.

ஃபேனடி_சீட்:
அக்கா, யோசித்தேன். எங்கள் பேட்சில் பெண்கள் மூன்றே பேர், மூன்று பேரும் நடந்துபோகிற தூரத்தில் வீடு உள்ளவர்கள். அப்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

மழைக்கால_வாசகி:
புதுவாசி, கோட்டூர்புரத்துக்கு மாதம் ஒரு தடவை போங்கள். அங்கே குழந்தைகள் பிரிவில் பெரிய மரம் ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள், என் பையன் முதல் நாள் அதன் அடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து ரயிலேறி, கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்வர வயதானவரோடு அரை நாள் ஓடிவிடும். வாரா வாரம் நடக்காது, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்றாவது வாரமே நின்றுவிட்டது.

பக்கத்து நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்களுடையதில் ஆறேழு பேர்தான். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், நூலகத்துக்குள் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டு முழுக்க ஊறிப்போச்சு. தண்ணீர் வடிந்ததும் போய் ஒவ்வொரு புத்தகத்திலும் பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பரைச் செருகி, ஃபேன் அடியில் நிறுத்தி வைத்தோம். வழவழத் தாள் புத்தகங்கள் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டன, சாணித்தாள் நாவல்கள் பிழைத்துக்கொண்டன. தினமும் பேப்பர் படிக்க வரும் தாத்தாக்கள்தான் வீட்டிலிருந்து பேப்பர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் அவர்களைத் தூங்குமூஞ்சிகள் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

கையில் 1000 ரூபாய் இருந்தால் நூலகத்துக்கு நன்கொடை கொடுத்துப் புரவலராகவும் சேரலாம், அவசரமில்லை.

சேலையூர்_புதுவாசி:
எல்லோருக்கும் நன்றி. அப்டேட்: ஆதார் நகல் கொடுத்து மூன்று கார்டு போட்டாச்சு. காப்புத்தொகை, சந்தா எல்லாம் சேர்த்தே ஒரு சினிமா டிக்கெட் விலை வரவில்லை.

பீரோ சாவியை நான் கேட்பதற்குள் அம்மாவே கேட்டுவிட்டார். திறந்ததும் உள்ளிருந்து பாச்சா உருண்டை வாசனை. அம்மா எடுத்த நாவலின் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 2011. பல வருஷம் பிரிந்திருந்த சிநேகிதியைப் பார்த்த மாதிரி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அந்தத் தலைவர்கள் வரலாறு தட்டில் அடியில் கிடந்த ஒரு மாயாஜாலக் கதையைத் தோண்டி எடுத்தாள், கையெழுத்தைப் பதிவேட்டில் இரண்டு வரிக்குப் போட்டாள், நூலகர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

டாய்லெட் பற்றியும் கேட்டேன். பூட்டியிருக்கிறது, சாவி நூலகரிடம். அதுவும் கேட்டால் கொடுப்பாராம்.

அம்மா அதற்குள் முடித்துவிட்டார், நாளைக்கே அடுத்தது எடுக்கவேண்டும் என்கிறார். நாளை வெள்ளிக்கிழமை.