தாஷ்கண்டில் ஹாஸ்டல்: தனியாகப் போகும் பெண்ணுக்கு எந்தப் பகுதி நல்லது, எதைப் பார்த்துப் பதிவு செய்வது?

வெயில்நதி:

வணக்கம். செப்டம்பர் கடைசியில் உஸ்பெகிஸ்தான் போகிறேன், தனியாக. தாஷ்கண்டில் இறங்கி நாலு ராத்திரி தங்கிவிட்டு அப்புறம் ரயிலில் சாமர்கண்ட், புகாரா. இந்தியப் பாஸ்போர்ட்தான், இ-விசா வந்துவிட்டது. ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் பணத்தை இன்னும் இரண்டு ஊர் கூடுதலாகப் பார்க்க வைத்துக்கொள்ளலாம் என்று ஹாஸ்டல் தேடுகிறேன். முன்பதிவுத் தளங்களில் ஹாஸ்டல் என்ற பெயரில் ஏகப்பட்ட இடங்கள் வருகின்றன, விலையும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சிலவற்றில் நாற்பது ஐம்பது விமர்சனம் இருந்தும் எல்லாமே ரஷ்ய மொழியில் ஒரு வரி, படத்தில் கட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை. எதை நம்புவது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியவேண்டியது: பழைய ஊர்ச் சந்தை இருக்கும் சோர்சு பக்கம் தங்கலாமா, ரயில் நிலையம் பக்கமா? போலீஸ் பதிவு என்று ஏதோ சொல்கிறார்களே, அதை நான் செய்யவேண்டுமா? சுத்த சைவம் நான், முட்டை மட்டும் உண்டு, சமாளிக்க முடியுமா? விமானம் போய் இறங்குவது விடியற்காலை மூன்று மணிக்கு, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பாதசாரி:

அந்த ஊரில் ஹாஸ்டல் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒன்று பயணிகளுக்கானது. பொதுச் சமையலறை, காலைச் சாப்பாடு, வரவேற்பில் ஆங்கிலம் பேசும் ஒருவர், சுவரில் ரயில் நேரம் எழுதிய தாள். இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்கானது. ஃபெர்கானா, நமங்கான் பக்கத்திலிருந்து வேலைக்கும் வைத்தியத்துக்கும் பரீட்சைக்கும் தலைநகருக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிற இடம். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். அப்படி ஒரு இடத்தில் நான் தங்கியிருந்தபோது வேலை முடிந்து ராத்திரி வந்தவர்கள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, டீ ஊற்றி, ஊர் எது அப்பா அம்மா இருக்கிறார்களா என்றெல்லாம் கைச்சாடையிலேயே கேட்டார்கள். ஆனால் அறை முழுக்க ஆண்கள், ஒரே குளியலறை, லாக்கர் கிடையாது. தனியாக வரும் பெண்ணுக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விமர்சனம் எத்தனை மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், நம் ஊர்க்காரர் எல்லாரும் எழுதியிருந்தால் அது பயணிகள் இடம். பெண்களுக்கு மட்டும் என்று தனி டார்மிட்டரி (பல கட்டில் போட்ட பொது அறை) இருக்கிறதா என்று பாருங்கள், அப்படி ஒன்றை ஒதுக்கியிருக்கிற இடம் பெரும்பாலும் மற்றதையும் யோசித்துச் செய்திருக்கும். குளியலறைப் படம் போடாத இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு படுக்கை பத்து டாலரைச் சுற்றித்தான் இருக்கும், இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பகுதி என்று கேட்டால் நான் சோர்சு என்றுதான் சொல்வேன். 1966 ஏப்ரல் 26 நிலநடுக்கத்தில் தாஷ்கண்டின் மண்வீடுகள் பெருமளவு இடிந்துபோய், சோவியத் காலத்தில் அகலச் சாலைகளும் அடுக்குமாடிகளுமாக ஊரையே திரும்பக் கட்டினார்கள். தப்பிய பழைய தெருக்கள் கொஞ்சம் சோர்சு பக்கம்தான் இருக்கின்றன. அங்கே ஹாஸ்டல் என்றால் வெளியே வெறும் மண் நிறச் சுவரும் ஒரு கதவும்தான் தெரியும், உள்ளே நுழைந்தால் முற்றம், மேலே திராட்சைப் பந்தல், நடுவில் மெத்தை போட்ட அகலமான திண்ணைக் கட்டில். அதில் காலை மடக்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அடுத்த நாள் எங்கே போகலாம் என்று மற்றவர்களிடம் கேட்கலாம். செப்டம்பர் கடைசியில் வெயிலும் தணிந்திருக்கும், முற்றத்தில் உட்கார அதைவிட நல்ல மாதம் இல்லை.

ஆவணக்காரர்:

பதிவு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறைத் தகவலால் மக்கள் வீணாகப் பயப்படுகிறார்கள், அல்லது ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள்.

உஸ்பெகிஸ்தானில் ஒரே ஊரில் மூன்று நாளுக்கு மேல் இருக்கும் வெளிநாட்டவர் தங்குமிடத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் போலீஸ் நிலையம் போகவேண்டாம். உரிமம் உள்ள ஹோட்டலோ ஹாஸ்டலோ நீங்கள் வந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி இ-மெஹ்மோன் என்ற இணைய முறையில் ஏற்றிவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சீட்டு தருவார்கள், அதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு திரிய வேண்டும். இப்போது எல்லாம் கணினியில்தான், இருந்தாலும் கிளம்பும்போது அச்சடித்த தாளோ போனில் ஒரு பிரதியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி ரயிலில் தூங்கிப் போனால் அந்த டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆகவே படுக்கை பதிவு செய்வதற்கு முன்னால் ஹாஸ்டலுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: வெளிநாட்டவரைப் பதிவு செய்வீர்களா? ஆமாம் என்று நேரடியாகப் பதில் வந்தால் சரி. மழுப்பினால், அல்லது பதிவுக்குத் தனிக் காசு என்றால், வேறு இடம் பாருங்கள். யாராவது வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர்தான் பதிவு செய்யவேண்டும், சிலர் அதில் அக்கறை காட்டமாட்டார்கள், பிறகு அபராதம் என்று வந்தால் அலைவது நீங்கள்தான். இன்னொன்று, ராத்திரிக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி உண்டு, சில இடங்களில் அது தளத்தில் காட்டும் விலையில் சேர்ந்திருக்காது. அதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள்.

கடைசிப்பெட்டி:

பாதசாரி சொல்லும் முற்றத்து வீட்டின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயில்நதி வந்து இறங்குவது விடியற்காலை மூன்று மணிக்கு. பழைய தெருக்கள் குறுகல், ஒன்றுக்குள் ஒன்று வளைந்து போகும், முட்டுச்சந்தில் போய் முடியும், காரும் சில சந்துக்குள் நுழையாது. அந்த நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவு எண்ணைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் இரண்டு ராத்திரி ஓய்பெக் மெட்ரோ நிலையம் அல்லது ரயில் நிலையம் பக்கம் பெரிய சாலையில் இருக்கும் ஹாஸ்டலில் தங்கிவிட்டு, ஊர் பழகியபின் பகல் வெளிச்சத்தில் சோர்சுக்கு மாறிக்கொள்ளலாமே.

மாறுவதும் சுலபம். சோர்சு, அலிஷேர் நவாய், கோஸ்மோனாவ்ட்லார், ஓய்பெக், தாஷ்கண்ட் எல்லாம் ஒரே மெட்ரோ பாதையில் வரிசையாக வரும் நிலையங்கள், வண்டி மாறவே வேண்டாம், தாஷ்கண்ட் நிலையத்தில் இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்திலேயே. மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ அது, 1977இல் திறந்தது. 2018 வரை உள்ளே படம் எடுக்கவே தடை, இப்போது தாராளமாக எடுக்கலாம். கோஸ்மோனாவ்ட்லார் நிலையத்தில் கண்டிப்பாக ஒருமுறை இறங்கிப் பாருங்கள், நீலச் சுவரில் விண்வெளிக்குப் போன ககாரின், தெரெஷ்கோவா எல்லாரும் வட்ட வட்டமாக இருப்பார்கள்.

அடுக்குமாடி ஹாஸ்டலிலும் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் வெளியே பெயர்ப்பலகை இருக்காது. ஒரே மாதிரி நாலைந்து நுழைவாயில், ஒவ்வொன்றிலும் இரும்புக் கதவு, எண் அழுத்தினால்தான் திறக்கும். எந்த நுழைவாயில், எத்தனையாவது மாடி, கதவு எண் என்ன என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாசல் படம் ஒன்று அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார்கள்.

வெயில்நதி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசிப்பெட்டி சொல்வதுபோல முதலில் பெரிய சாலை, அப்புறம் சோர்சு என்று பிரித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்களா? மூன்று மணிக்குப் போனால் உள்ளே விடுவார்களா, பகல் இரண்டு மணிவரை வாசலில் காத்திருக்க வேண்டியிருக்குமா? டாலர் எவ்வளவு கையில் வைத்துக்கொள்வது?

நீலமுற்றம்:

தோழி, நானும் தனியாகப் போனவள், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

நீங்கள் வந்து சேரும் நாளுக்கு முந்தைய ராத்திரிக்கும் சேர்த்துப் படுக்கை பதிவு செய்யுங்கள். அந்தப் பத்து டாலர் வீண் இல்லை, மூன்றரை மணிக்கு நேராகப் போய்ப் படுத்துவிடலாம். வரவேற்பு இரவு முழுக்கத் திறந்திருக்குமா என்று கேட்டு, விமான எண்ணையும் எழுதி அனுப்புங்கள். பல ஹாஸ்டல்காரர்கள் டெலிகிராமில்தான் உடனே பதில் போடுவார்கள், அதைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் டாக்சியில் நீண்ட தூரம் போகவேண்டியதில்லை. வெளியே வந்ததும் டாக்சி டாக்சி என்று சூழ்ந்துகொள்வார்கள், யாரிடமும் நின்று பேசாதீர்கள், யான்டெக்ஸ் கோ செயலியில் வண்டி கூப்பிடுங்கள், தொகை முன்பே தெரிந்துவிடும், ரொக்கமாகவும் கொடுக்கலாம். அதற்கு இணையம் வேண்டும், ஆகவே இ-சிம் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பாஸ்போர்ட்டைப் பதிவுக்கு வாங்கினால் ஏற்றி முடித்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள். ஒரு இடத்தில் காலையில் தருகிறேன் என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள், நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. கோபப்படவும் தேவையில்லை, குரல் உயர்த்தவும் தேவையில்லை, காத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

சின்னப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள், லாக்கர் இருக்கும் ஆனால் பூட்டு இருக்காது. செருப்பை வாசலிலேயே கழற்றவேண்டும், உள்ளே போட ரப்பர் செருப்பு வையுங்கள். அடுக்குக் கட்டிலில் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று முன்பே எழுதுங்கள், ஒரு துண்டைக் குறுக்கே தொங்கவிட்டால் திரை ஆகிவிடும். பெண்கள் டார்மிட்டரியில் எனக்கு ஒரு நாளும் பயமாக இருந்ததில்லை, மாறாக, பக்கத்துக் கட்டிலில் தங்கியிருந்த உஸ்பெக் பெண்மணி ராத்திரி நான் வரும்வரை விழித்திருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் தூங்கினார். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பெரிய பாட்டிலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு, கிழிசலோ எழுத்தோ இல்லாத புது டாலர் நோட்டு கொண்டுபோங்கள், வங்கியிலேயே மாற்றுங்கள். 2017இல் நாணய மாற்றைத் திறந்துவிட்ட பிறகு கறுப்புச் சந்தைக்கு அர்த்தமே இல்லை, தெருவில் கூப்பிட்டால் போகாதீர்கள். ஒரு டாலருக்கு ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் சோம் வரும், சைபர்களைப் பார்த்துக் குழம்பவேண்டாம், 2 லட்சம் சோம் நோட்டுகூட இருக்கிறது. ஹாஸ்டல் விலை டாலரில் எழுதியிருந்தாலும் சோமில்தான் வாங்குவார்கள்.

கீரைக்கட்டு:

சைவம் பற்றி யாரும் சொல்லவில்லையே. முடியும், ஆனால் உணவகத்தை நம்பினால் கஷ்டம், ஹாஸ்டல் சமையலறையை நம்பினால் சுகம். பிலாவ் என்று ஊரெல்லாம் கொண்டாடும் சோறு ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ போட்டு அதன் கொழுப்பிலேயே வேகிறது, கறியை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்பார்கள், அது உங்களுக்கு ஆகாது. நம் சமோசா மாதிரியான சோம்சாவில் பூசணிக்காய் வைத்தது உண்டு, ஆனால் அதிலும் கொழுப்புத் துண்டு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சமையலறை இருக்கும் ஹாஸ்டலாகப் பிடித்தால் சோர்சு சந்தைதான் உங்கள் மளிகைக் கடை. பெரிய நீலக் குவிமாடத்துக்குக் கீழே தயிர், பாலாடைக்கட்டி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். கொரியப் பெண்கள் விற்கும் காரமான கேரட் சாலட்டைக் கட்டாயம் வாங்குங்கள், 1937இல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து கொரியர்களை மொத்தமாக மத்திய ஆசியாவுக்குப் பெயர்த்து அனுப்பியதால் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த சுவை அது. தந்தூரிலிருந்து சுடச்சுட எடுக்கும் ரொட்டி, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் தயிர், முடிந்தது ராத்திரிச் சாப்பாடு. செப்டம்பரில் முலாம்பழமும் திராட்சையும் குவிந்து கிடக்கும், ஒரு பழம் வாங்கி முற்றத்தில் வெட்டினால் ஹாஸ்டல் முழுக்க நண்பர்கள். காலைச் சாப்பாட்டில் முட்டை, ரொட்டி, ஜாம், டீ பெரும்பாலும் இருக்கும், எனவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பருப்புப் பொடி ஒரு பாக்கெட் எடுத்துப் போங்கள், அவ்வளவுதான்.

கடைசிப்பெட்டி:

வெயில்நதி, ஒன்று விட்டுப்போயிற்று. சாமர்கண்டுக்கு அஃப்ரோசியோப் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான், ஆனால் செப்டம்பர், அக்டோபரில் பயணிகள் கூட்டம் அதிகம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஹாஸ்டலை மெதுவாகப் பார்க்கலாம், ரயிலை முதலில் முடியுங்கள். கிடைக்காவிட்டால் ஷார்க் ரயிலைப் பாருங்கள், வேகம் குறைவு, ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். தாஷ்கண்டில் வடக்கு, தெற்கு என்று இரண்டு ரயில் நிலையம் இருக்கிறது, மெட்ரோ பக்கத்தில் நான் சொன்னது வடக்கு நிலையம். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி கடைசி ராத்திரி ஹாஸ்டலைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில்நதி:

ரயில் கிடைத்துவிட்டது, வடக்கு நிலையம், காலை வண்டி. ஓய்பெக் பக்கத்தில் பெண்கள் டார்மிட்டரி உள்ள ஒரு ஹாஸ்டலில் கேட்டேன், பதிவு செய்வோம், வரியும் விலையில் சேர்ந்தது என்று அரை மணியில் பதில் வந்தது, கூடவே வாசல் படமும். முந்தைய ராத்திரியையும் சேர்த்து அங்கே மூன்று போட்டுவிட்டேன். மிச்ச இரண்டுக்கும் சோர்சில் சமையலறை உள்ள முற்றத்து வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பாதசாரி, உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.